கடலுக்கு அடிக்கோடு

கடலோ கரையோ பனிப்பரப்போ மாறுகிறதா என்று சொல்ல வேண்டுமானால், இதற்கு முன் அது எப்படியெல்லாம் இருந்தது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு அடிநிலைப் பதிவு என்று பெயர். அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கத்தின் ஆய்வகங்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'பேஸ்லைன்' என்பார்கள். 'இதுக்கு பேஸ்லைன் இருக்கா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

'எப்படி இருந்தது' என்று கேட்பதற்கும் 'எப்படியெல்லாம் இருந்தது' என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் இந்தத் தொழிலே அடங்கியிருக்கிறது. அடிநிலை என்பது ஒற்றை எண் அல்ல. கடல் நீரின் வெப்பநிலை 28 டிகிரி என்று ஒருநாள் அளந்து எழுதிவிட்டால் அது தகவல், அடிநிலை ஆகாது. ஏப்ரலில் எவ்வளவு, டிசம்பரில் எவ்வளவு, மழை பொய்த்த ஆண்டில் எவ்வளவு, புயல் வந்த ஆண்டில் எவ்வளவு, காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்ற முழு ஊசலாட்டமும் பதிவாக வேண்டும். அந்த ஊசலைத் தாண்டி விழும் எண்தான் மாற்றத்தின் அடையாளம்.

'பேஸ்லைன்' என்ற சொல்லுக்குப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணிலேயே வேர் உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். ஏறக்குறைய 12 கிலோமீட்டர். நூறடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப இழுத்து அளந்த கோடு அது. சித்திரை வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, சங்கிலி எவ்வளவு நீண்டிருக்கும் என்று கணக்கிட்டுத் திருத்தினார்கள். பின்னாளில் இமயம் வரை விரிந்த மாபெரும் முக்கோண அளவைக்கு இந்த ஒரு கோடுதான் தொடக்கம். அளந்த எண்ணோடு அளந்த கருவியின் நிலையையும் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி அன்று போலவே இன்றும் இருக்கிறது. அதை மறந்தவர்களின் பதிவேடுகள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயன்படுவதில்லை.

அதற்கும் முன்பே, 1792இல், நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் எழுந்தது. சென்னையின் மழைக்கணக்கு 1813 முதல் கிடைக்கிறது. நூற்றாண்டு மழை, இருநூறு ஆண்டில் இல்லாத மழை என்றெல்லாம் இன்று செய்தித்தாள்கள் எழுத முடிவது, யாரோ ஒருவர் தினமும் ஒரு மழைமானியைப் பார்த்து எழுதி வைத்ததால்தான். அந்தக் கைகளில் பெரும்பாலானவற்றின் பெயர் யாருக்கும் தெரியாது.

கல்பாக்கத்தில் இந்த வேலை அணு உலைக்கு முன்பே தொடங்கியது. இங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலை 2 அன்று தொடர்வினை நிலையை எட்டியது. இரண்டாவது 1985 ஆகஸ்டில். சுற்றுச்சூழல் ஆய்வகமோ 1970களிலேயே மண், நீர், மீன், பால், அரிசி என்று சேகரித்து அளக்கத் தொடங்கிவிட்டது. உலை ஓடத் தொடங்கிய பிறகு எடுக்கும் எந்த அளவும், ஓடுவதற்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிடாவிட்டால் பொருளற்றது. இந்தக் கரைக்கு அது இருமடங்கு பொருந்தும். இங்கே கடற்கரை மணலிலேயே மோனசைட் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அலை மணலைச் சலித்துச் சலித்துக் கனமான கருமணலை ஓரிடத்தில் வரிவரியாக ஒதுக்கும். அந்தக் கருவரியின்மேல் கருவியை வைத்தால் காட்டும் கதிர்வீச்சு ஓர் எண். பத்தடி தள்ளி வெண்மணலில் வைத்தால் வேறோர் எண். அடுத்த பருவமழையில் கருவரி இடம் மாறும், எண்ணும் மாறும். மணலின் இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தை உலை வருவதற்கு முன்பே அளந்து வைத்திருக்காவிட்டால், பிற்பாடு ஒருவர் கருமணலில் கருவியை வைத்துப் பார்த்து உலையைக் குற்றம் சொல்லலாம். மற்றொருவர் உண்மையாகவே கசிந்ததை மணலின் தலையில் கட்டிவிடலாம். இரண்டையும் தடுப்பது பழைய எண்தான். அடிநிலைப் பதிவு யார் பக்கமும் சாய்வதில்லை. நிலையத்தை நம்புகிறவருக்கும் சந்தேகப்படுகிறவருக்கும் அது ஒரே அளவு தேவை.

கதிர்வீச்சைப் பதியும் கருவி சிறியது. டிஸ்ப்ரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட்டால் ஆன வில்லைகளை அட்டையில் பொதிந்து, மழை படாமல் உறையிட்டு, குறித்த இடங்களில் தொங்கவிடுவார்கள். மூன்று மாதம் அது அங்கேயே வெயிலிலும் காற்றிலும் கிடக்கும். பிறகு கழற்றி வந்து சூடாக்கினால், வாங்கிய கதிர்வீச்சுக்கு ஏற்ப ஒளி விடும். அந்த ஒளியை அளந்தால் மூன்று மாதக் கணக்கு கிடைக்கும். சில நேரம் அட்டை காணாமல் போயிருக்கும். மரத்தையே வெட்டியிருப்பார்கள், அல்லது சுவருக்கு வெள்ளையடித்தவர் கழற்றி வைத்திருப்பார். அந்தக் காலாண்டுக்கு அந்த இடத்தில் எண் கிடையாது. அங்கே கோடுதான் போட வேண்டும். பக்கத்து இடத்து எண்ணைப் பார்த்து நிரப்பக் கூடாது. வேலைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடும் ஒழுக்கம்.

கடல் இதைவிடக் கடினம். மண்ணில் ஒரு புள்ளியைக் குறித்துவிட்டால் அது அங்கேயே இருக்கும். கடலில் புள்ளி நிற்கும், நீர் போய்விடும். அணுமின் நிலையம் குளிர்விப்பதற்குக் கடல் நீரைக் கரையிலிருந்து உள்ளே தள்ளி, கடற்படுகைக்குக் கீழே குடைந்த சுரங்கம் வழியாக எடுக்கிறது. சுரங்கத்தின் நீளம் 468 மீட்டர். அதன் முகப்பு வரை கரையிலிருந்து பாலம்போல் நீளும் ஜெட்டியே பல ஆண்டுகளாக நீர் எடுக்கும் நிலையான இடம். அலை எப்படி இருந்தாலும் அங்கே நடந்து போய் வாளியை இறக்கலாம். ஃபைபர் படகில் போய் எடுக்க வேண்டிய இடங்களுக்கு அந்த வசதி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், திரை உயர்ந்துவிட்டால் படகு இறங்காது. பாலாற்றிலும் எடையூர், சதுரங்கப்பட்டினம் உப்பங்கழிகளிலும் மழைநீர் கூடி, மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் கலப்பதும் அதே மாதங்களில்தான். கடல் மிக அதிகமாக மாறும் நாள்களும் அளக்கவே முடியாத நாள்களும் ஒன்றாக வந்து நிற்கின்றன. படகுப் பதிவை மட்டும் வைத்துச் சராசரி போட்டால், கடல் எப்போதும் அமைதியாகவும் உப்பு மாறாமலும் இருப்பதுபோல் ஒரு பொய்ச் சித்திரம் வரும். துருவக் கடல்களின் பழைய பதிவுகளிலும் இதே கோளாறு உண்டு. கப்பல்கள் கோடையில்தான் போயின. கப்பலில் போனவர்களில் குளிர்காலத்துப் பனியைக் கண்ணால் கண்டவர்கள், பெரும்பாலும் அதில் சிக்கிக்கொண்டவர்கள்தான்.

கல்பாக்கம் கடலில் ஓராண்டின் போக்கு இது. ஏப்ரல், மே மாதங்களில் நீர் சூடேறும். பிறகு சற்றுத் தணிந்து, ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டாம் முறை ஏறும். டிசம்பர், ஜனவரியில் மிகவும் குளிர்ந்திருக்கும். உப்பு கோடையில் ஆயிரத்துக்கு 34, 35 பங்கு வரை போகும். பருவமழையின் உச்சத்தில் 30க்கும் கீழே இறங்கிவிடும். நீரோட்டம் ஏறக்குறைய பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வடக்கு நோக்கியும், அக்டோபர் முதல் ஜனவரி வரை தெற்கு நோக்கியும் ஓடும். சென்னைக் கரை மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் ஓட்டத்தைத் 'தெண்டி' என்றும், வடக்கிலிருந்து வருவதை 'வன்னி' என்றும் சொல்கிறார்கள். வலையைப் போட்டதும் அது எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதைக் கொண்டே சொல்லிவிடுவார்கள். நீரோட்டமானி வாங்கித் தராத காலத்தில் பல ஆய்வுக் குழுக்களுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. குறிப்பேட்டின் ஓரத்தில் 'வன்னி' என்று எழுதி வைத்தவர்களின் பதிவு, எழுதாதவர்களின் பதிவைவிட இன்று மதிப்புள்ளது.

ஏனென்றால், நிலையத்திலிருந்து வெளியேறும் வெந்நீர் அந்த ஓட்டத்தின் பக்கமாகத்தான் சாயும். இரண்டு உலைகளும் முழுமையாக ஓடும்போது நொடிக்கு ஏறக்குறைய 35 கன மீட்டர் கடல் நீர் உள்ளே போய், சூடேறி வெளியே வருகிறது. வெளியேறும் நீர் கடல் நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. 'கடல் நீரைவிட' என்பதில் வரும் அந்தக் கடல் எது? வெந்நீர் தொடாத இடத்துக் கடல். தெண்டி ஓடும்போது வெந்நீர் வடக்கே போகும். அப்போது ஒப்பிடுவதற்குத் தெற்குப் பக்கம் நீர் எடுக்க வேண்டும். வன்னி ஓடும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். ஒப்பீட்டு இடம் ஆண்டுக்கு இருமுறை இடம் மாறுகிறது. இது தெரியாமல் ஒரே பக்கத்தில் ஆண்டு முழுவதும் நீர் எடுத்தால், பாதி ஆண்டு வெந்நீரையே இயல்பு நீர் என்று எழுதி வைத்ததாக ஆகிவிடும்.

நீர் எடுக்கும் முறையில் எந்தப் புதுமையும் வேண்டியதில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் போதும். வாளி மேலே வந்ததும் நிழலில் வைத்து உடனே வெப்பநிலை பார்க்க வேண்டும். ஜெட்டியில் காற்று பலமாக வீசினால், வாளியின் நீர் ஆவியாகி ஓரிரு நிமிடத்திலேயே குளிர்ந்துவிடும். உலகக் கடல் வெப்பநிலைப் பதிவையே ஒருகாலத்தில் இந்தச் சின்னக் காரணம் கலைத்துப் போட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் கப்பல்களில் பெரும்பாலும் வாளியால் நீர் மொண்டு அளந்தார்கள். போர்க்காலத்தில் இரவில் மேல்தளத்தில் விளக்கு காட்ட முடியாது என்பதாலும், அமெரிக்கக் கப்பல்களின் அளவுகள் மிகுந்ததாலும், எந்திர அறைக்குள் வரும் நீரை அளப்பது பெருகியது. எந்திர அறை சூடானது. கடல் திடீரென்று சூடேறி, 1945இல் திடீரென்று குளிர்ந்ததுபோல் பதிவு காட்டியது. கடலில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று புரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

கரைந்த ஆக்சிஜனுக்கு வேறு அவசரம். கண்ணாடிப் புட்டியில் குமிழி வராமல் நீரை நிரப்பி, அங்கேயே, ஜெட்டியின் மேலேயே, மாங்கனீசு உப்பையும் காரம் சேர்ந்த அயோடைடையும் ஒவ்வொரு மில்லி விட்டு மூட வேண்டும். ஆக்சிஜன் நிறைய இருந்தால் பழுப்பு வீழ்படிவு மேகம்போல் திரண்டு மெல்ல இறங்கும். இதற்கு 'பிக்ஸ் பண்றது' என்று பெயர். 'ஆய்வகத்துக்குப் போய் பிக்ஸ் பண்ணிக்கலாம்' என்று சொன்ன அன்றைய அளவு வீண். வழியிலேயே நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றிருக்கும். ஆய்வகத்தில் அமிலம் விட்டதும் வீழ்படிவு கரைந்து தேன் நிறமாகும். தையோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் வெளிறியதும் மாவுக்கரைசல் சேர்த்தால் கருநீலம் ஏறும். அந்த நீலம் மறையும் ஒற்றைச் சொட்டில் கை நிற்க வேண்டும். உப்புக்கு வெள்ளி நைட்ரேட். வெள்ளைத் தயிர்போல் திரளும் கலவையில் செங்கல் நிறம் மறையாமல் நிற்கும் கணம்தான் முடிவு. அந்தச் செங்கல் நிறம் ஒருவர் கண்ணுக்கு ஒரு சொட்டு முன்னால் தெரியும், மற்றவர் கண்ணுக்கு ஒரு சொட்டு பின்னால். அதனால் அளந்தவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் வந்தது.

இனி, இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்று. ஒரு குழுவில் பழைய கண்ணாடி வெப்பமானி உடைந்தது. மறுநாளே புதிய மின்னணுக் கருவி வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பழைய வெப்பமானியின் இரட்டை ஒன்று அலமாரியில் இருந்தும், இரண்டையும் ஒரே வாளியில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஏழெட்டு ஆண்டு கழித்து வரைபடம் போட்டபோது, ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து கடல் அரை டிகிரி சூடாகித் தெரிந்தது. கடலா, கருவியா? சொல்ல வழியே இல்லை. அலமாரியிலிருந்த அந்த இரட்டையும் அதற்குள் தொலைந்திருந்தது. குறிப்பேட்டில் கருவி மாறிய தேதிகூட இல்லை. மாறிய நாளைக் கருவி வாங்கிய ரசீதிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். இரண்டு கருவிகளையும் ஓராண்டு சேர்த்து ஓட விட்டிருந்தால் அந்த அரை டிகிரிக்குக் கணக்கு கிடைத்திருக்கும்.

துருவப் பனிப் பதிவிலும் கருவி மாறிய இடத்தின் தையல் தெரிகிறது. கடற்பனியை இடைவிடாமல் பார்ப்பது 1978 அக்டோபரில் ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளோடு தொடங்கியது. பனியும் நீரும் வெவ்வேறு அளவில் நுண்ணலையை வெளியிடுகின்றன. மேகத்தையும் ஆறு மாத இருளையும் ஊடுருவி அதைப் பார்க்கலாம். 1987இல் அந்தக் கருவி ஓய்ந்தபோது அமெரிக்காவின் மற்றொரு செயற்கைக்கோள் வரிசை பொறுப்பேற்றது. இரண்டும் ஒன்றாக ஓடியது ஏறக்குறைய ஆறு வாரம்தான், அதுவும் கோடையில். இன்று உலகம் பேசும் ஆர்க்டிக் பனிக் கணக்கு முழுவதும் அந்த ஆறு வார முடிச்சின் வழியாகத்தான் பழைய கருவியோடு இணைகிறது. பனி என்று எதைச் சொல்வது என்பதும் முன்கூட்டி வகுத்த விதிதான். கடலை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் பனி இருந்தால் முழுக் கட்டத்தையும் பனிப்பரப்பில் சேர்க்கிறார்கள். கோடையில் பனியின்மேல் உருகித் தேங்கும் குட்டைகளைக் கருவி திறந்த கடல் என்று எண்ணிவிடும். துருவத்தின் நேர் உச்சியைச் சுற்றுப்பாதை தொடாததால் அங்கே ஒரு வட்டம் பதிவே இல்லாமல் நிற்கும். இத்தனை குறை இருந்தும் அந்தப் பதிவு பொன்னானது. குறைகள் அத்தனையும் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, விதியும் நடுவில் மாறவில்லை.

எந்த ஆண்டுகளை இயல்பு என்று கொள்வது என்பது அடுத்த சிக்கல். ஆர்க்டிக் கணக்குக்கு 1981 முதல் 2010 வரையிலான சராசரியைப் பரவலாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தின் செப்டம்பர்ச் சராசரி 60 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2012 செப்டம்பரின் மிகக் குறைந்த நாளில் எஞ்சியது 34 லட்சம். ஆனால் அந்த முப்பது ஆண்டின் பிற்பகுதியிலேயே பனி குறைந்துகொண்டுதான் வந்தது. ஒப்பீட்டுக் காலத்தைப் பத்துப் பத்து ஆண்டாக முன்னே தள்ளினால், குறைந்துபோன பனியே இயல்பு என்று ஆகிவிடும். வீழ்ச்சி சிறிதாகத் தெரியும். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் இதையே மீன்பிடித் துறையில் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே முழுக் கடல் என்று எடுத்துக்கொள்கிறது. கொக்கிலமேட்டிலோ உய்யாலிகுப்பத்திலோ பெரியவர் ஒருவர் தன் காலத்து மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டும்போது, பேரப்பிள்ளைகள் அதைக் கதை என்று நினைத்துச் சிரிப்பார்கள். அந்த நீளத்தை யாராவது அன்றே அளந்து எழுதியிருந்தால் அது கதையாகியிருக்காது.

பதிவு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதற்கு அண்டார்க்டிகா நல்ல பாடம். அங்கே கடற்பனி பல ஆண்டுகள் மெல்லக் கூடிக்கொண்டே போய், 2014 செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அன்றோடு பதிவை நிறுத்தியிருந்தால், பனி வளர்கிறது என்ற முடிவே நூல்களில் நின்றிருக்கும். 2023 பிப்ரவரியில் கோடைப் பனி 18 லட்சத்துக்கும் கீழே போனது. செயற்கைக்கோள் பதிவில் அதுவரை இல்லாத அளவு. முப்பத்தைந்து ஆண்டுப் பதிவும் அங்கே போதவில்லை.

தமிழ்நாட்டுக்கும் அந்தப் பனிக் கடலுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையமும் சேர்ந்து உருவாக்கிய 'இண்டார்க்' என்ற கருவித்தொகுதி, 2014 ஜூலை 23 அன்று, நார்வேயின் ஸ்வால்பார்டில் உள்ள காங்ஸ்ஃபியோர்டில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது. அதே கரையில் நியூ ஓலசுண்டில் இந்தியாவின் 'ஹிமாத்ரி' நிலையம் 2008 முதல் இருக்கிறது. நங்கூரத்தில் கட்டிய கம்பிவடத்தில் வெவ்வேறு ஆழங்களில் கருவிகள் தொங்குகின்றன. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் எப்போது, எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைக் குளிர்கால இருளிலும் எழுதிக்கொண்டே இருக்கின்றன. மேலே பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிவு நிற்பதில்லை. கப்பல் கோடையில் மட்டுமே போகும் பழைய குறைக்கு இதுதான் மருந்து. பள்ளிக்கரணை நிறுவனம் 1990களின் பிற்பகுதியிலிருந்து வங்காள விரிகுடாவிலும் மிதவைகளை நிறுத்திப் பராமரிக்கிறது. மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும். படகை அதில் கட்டினால் வடம் அறும், கருவி உடையும். ஒரு மிதவை ஓய்ந்தால் அந்த இடத்தின் தொடர் அறுகிறது. புயல் எச்சரிக்கைக்கும் அதே மிதவைதான் கண் என்பதை மீனவ ஊர்களுக்குத் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். அது கருவியைப் பழுதுபார்ப்பதற்குச் சமமான வேலை.

எதிர்பாராதது நடக்கும்போது அடிநிலையின் மதிப்பு வெளியே தெரியும். 2007 மார்ச்சில் கல்பாக்கம் கடலில் ட்ரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பசும்பாசி திடீரென்று பெருகி, நீரின்மேல் மரத்தூள் கொட்டியதுபோல் படர்ந்தது. நிலையத்தின் வெந்நீரால்தானா என்ற கேள்வி எழுவது இயல்பு. நீரின் வெப்பம், உப்பு, ஊட்டச்சத்து எல்லாவற்றுக்கும் முந்தைய ஆண்டுகளின் தொடர் இருந்ததால், பாசி பெருகிய நாள்களை அதற்கு முந்திய, பிந்திய நாள்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அதற்கு முன், 2004 டிசம்பர் 26 சுனாமியில், ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை நீரேற்று நிலையத்துக்குள் கடல் புகுந்ததும் நிறுத்தப்பட்டது. அருகே ஈனுலை என்ற மற்றொரு வகை உலைக்காகத் தோண்டியிருந்த அடித்தளக் குழி நீரால் நிரம்பியது. குடியிருப்பிலும் குப்பங்களிலும் உயிர்கள் போயின. இந்த வேலை செய்கிறவர்களில் பலருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வெறும் தரவு அல்ல; அக்கம்பக்கத்துப் பெயர்கள் அதில் இருக்கின்றன. அதன்பின் மாமல்லபுரத்தை ஒட்டிய மண்ணடுக்குகளைத் தோண்டியவர்கள் பழைய பேரலைகள் விட்டுச்சென்ற மணற்படிவங்களைக் கண்டார்கள். சாளுவன்குப்பத்தில் அலை திறந்துவிட்ட கல்வெட்டைத் தொடர்ந்து 2005இல் முருகன் கோயில் ஒன்று வெளிப்பட்டது. சுனாமி இந்தக் கரைக்குப் புதிதல்ல. எழுதி வைத்த பதிவுகள்தான் மிகக் குறைவு.

கரையை அளப்பது எல்லாவற்றிலும் எளிது, அதனாலேயே அதிகம் கைவிடப்படுவது. கே. ஓ. எமரி 1961இல் சொன்ன முறைக்கு வேண்டியவை ஒரே உயரமுள்ள இரண்டு கோல்களும் அடிவானமும் மட்டுமே. நிலையான ஒரு கல்லிலிருந்து தொடங்கி, கோல்களைக் குறித்த இடைவெளியில் நிறுத்தி, மேட்டுப்பக்கக் கோலை ஒட்டி நின்று, தாழ்ந்த கோலின் உச்சியையும் அடிவானத்தையும் நேர்கோட்டில் பார்த்தால், மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது மேட்டுக்கோலின் கோடுகளிலேயே தெரியும். இப்படியே நீர்விளிம்பு வரை போனால் கரையின் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். இருவர், அரைமணி நேரம். மாதம் ஒருமுறை செய்தால், பருவமழையில் அரித்துப் போகும் மணல் கோடையில் திரும்பி வருகிறதா என்று மூன்று நான்கு ஆண்டில் தெரிந்துவிடும். இந்தக் கரையில் மணலின் நிகர ஓட்டம் வடக்கு நோக்கியது. கடலுக்குள் எதைக் கட்டினாலும் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்தியக் கரையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்குள்ளாவதாகச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கிட்டது. ஆனால் ஒரு குப்பத்தின் முன்னால் எந்த மாதம் எத்தனை அடி போனது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது, கோல் சொல்லும். தொடக்கக் கல் மட்டும் அசையாததாக இருக்க வேண்டும். பனைமரத்தைத் தொடக்கமாக வைத்த குழுக்கள் உண்டு. புயலில் பனை போனதும் பத்தாண்டுப் பதிவும் கூடவே போயிற்று.

தொடரை அறுப்பவை புயலும் பழுதும் மட்டுமல்ல. திட்டம் மூன்றாண்டுக்கு ஒருமுறை முடியும், பணம் நிற்கும். ஒருவர் ஓய்வு பெறுவார். அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்த குறியீடுகள் அவரோடு போகும். குறிப்பேட்டில் 'வ' என்று இருந்தால் அது வடக்கா, வன்னியா, வற்றமா? இரண்டு ஆண்டாவது பழையவரும் புதியவரும் ஒரே ஜெட்டியில் சேர்ந்து நின்று அளந்தால்தான் கைமாற்றம் முழுமையாகும். கருவிகளுக்கு வேண்டிய அதே ஒன்றுசேர்ந்த காலம் மனிதர்களுக்கும் வேண்டும்.

மறந்துபோன பதிவு சில நேரம் திரும்பக் கிடைப்பதும் உண்டு. 1964இல் நிம்பஸ்-1 செயற்கைக்கோள் எடுத்த படச்சுருள்கள் அமெரிக்காவில் ஒரு கிடங்கில் அரை நூற்றாண்டு கிடந்தன. அவற்றை எடுத்து வருடிப் பார்த்தபோது, 1978க்கு முந்திய பனி விளிம்பு கிடைத்தது. பதிவு ஒரே தாவலில் பதினான்கு ஆண்டு பின்னால் நீண்டது. செங்கல்பட்டுக் கரையிலும் அப்படிப்பட்ட சுருள்கள் இருக்கின்றன. கல்லூரி ஆய்வகங்களின் பழைய பதிவேடுகள், ஓய்வுபெற்றவர்கள் வீட்டுப் பரணில் இருக்கும் குறிப்பேடுகள், மீன் ஏலம் எடுத்தவர்களின் கணக்கு நோட்டுகள், உப்பளங்களின் மழைக்கணக்கு, பள்ளிக்கூடத்து மழைமானிப் புத்தகங்கள் எல்லாம் அவைதான். அணுபுரத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ மாமல்லபுரத்திலோ அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். தேதியும் இடமும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, பக்கத்திலுள்ள கல்லூரியின் புவியியல் அல்லது கடலியல் துறைக்குக் கொடுங்கள்.